எட்டில் நின்ற ஊசி

"ஹலோ... ஹலோ! யாரு?... சத்தமா பேசுப்பா, இங்க பட்டறையில ஒரே சுத்தியல் சத்தம்... யாரு, லியனார்டா? பிரிக்பீல்ட்ஸ் லியனார்டா?"

பெயரைக் கேட்டதுமே ரெங்கசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து ரோடு என்னும் தெருவிலிருந்த மோட்டார் பட்டறையில் அவர்தான் தலைமை மெக்கானிக். ரயில்வே ஆபீஸில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த பக்கிரிசாமியின் பச்சைக் காரை எட்டு வருஷமாகக் கண்ணில் வைத்துப் பார்த்தவர். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் கிராணி அதை வாங்கிய நாளிலிருந்து இவர் கையைத் தவிர வேறு கை அதில் பட்டதில்லை. அப்படிப்பட்ட கிராணி, இஞ்சின் கிழடாகிப் போச்சு, புதுசு பண்ணணும் என்று முடிவெடுத்ததும் வண்டியை எங்கே விட்டார்? ரயில்வேயில் நீராவி இஞ்சின் பிட்டராக இருந்து, போன மாசம் வேலையை உதறிவிட்டு பிரிக்பீல்ட்ஸில் கொட்டகை போட்ட இந்த லியனார்டிடம்! ஒரு வார்த்தை சொல்லவில்லை. செய்தி தெரிந்த அன்று ரெங்கசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

"ம்... ம்... ஆமா, ஆமா, கேள்விப்பட்டேன். ஊரே அதைத்தானே பேசுது. ஒயிட் மெட்டலை நீயே உருக்கி ஊத்தி பேரிங் செஞ்சியாமே? பெரிய ஆளுதான் லா... சேச்சே, எனக்கென்னப்பா கோபம்? கிராணி வண்டி, கிராணி இஷ்டம். நான் யாரு கேக்கறதுக்கு?... சரி, அதை விடு. என்ன விஷயம்?"

விஷயத்தைக் கேட்கக் கேட்க ரெங்கசாமியின் முகம் மலர்ந்துகொண்டே போனது. போனில் முகம் தெரியாது என்பதால் அதை அவர் மறைக்கவும் இல்லை.

"எண்ணெய் அழுத்தம் ஏறலையா?... ஊசி எங்க நிக்குது?... எட்டு பவுண்டா! ஐயையோ. நாப்பதுல நிக்கிற ஊசிப்பா அது. எட்டுன்னா... ச்சு ச்சு ச்சு... வண்டியை எப்பக் குடுக்கணும்?... இன்னிக்கா? மூணு மணிக்கா?... ஓ, கிராணி மவனுக்குப் பரிசமா? கிள்ளானுக்கா போறாங்க?... அம்மாடி, இருபது மைல். எட்டு பவுண்டுல வண்டி பாதி தூரம் தாண்டாதே லியனார்ட். பரிசத் தட்டைத் தூக்கிட்டு எல்லாரும் ரப்பர் மரத்தடியிலதான் நிக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

"சரி, பதறாதே. ஒண்ணொண்ணா சொல்லு. மீட்டரே பொய் சொல்லும் சில நேரம். மாத்திப் பாத்தியா?... வேற வண்டியிலேருந்து கழட்டிப் போட்டியா. அதுலயும் எட்டுதான்... ம். அடியில சல்லடை?... சுத்தம். அழுத்த வால்வு ஸ்பிரிங்?... இறுக்கியும் பாத்துட்டே. எண்ணெய் என்ன போட்டே?... சரிதான், சரிதான்."

பாவி, எல்லாவற்றையும் முறையாகப் பார்த்திருந்தான். ரெங்கசாமி என்னவெல்லாம் கேட்பாரோ அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தான். இது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"காலையில முதல் தடவை ஸ்டார்ட் பண்ணப்ப எவ்வளவு? சூடேறுறதுக்கு முன்னாடி?... அப்பவும் பத்துதானா?... ஏறி விழுந்துச்சா, ஏறவே இல்லையா?... ஏறவே இல்ல. ம்."

அவருக்கு அங்கேயே பிடிபட்டுவிட்டது. பேரிங் தளர்வாக இருந்தால், எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்வரை ஊசி நன்றாகவே ஏறும். சூடான பிறகுதான் விழும். குளிரிலேயே ஏறவில்லை என்றால் கோளாறு பம்பில்.

"இஞ்சின் பக்கவாட்டுல எண்ணெய் பம்பு நிக்குதே, நாலு போல்ட்டுல... அதைப் பிரிச்சியா?... பிரிச்சுத் துடைச்சு மாட்டினே. மூடிக்கு அடியில என்ன வச்சே?... ரயில்வே பேக்கிங்கா? நீராவிக் குழாய்க்கு வைக்கிற அட்டையா?... ஆமா ஆமா, நல்ல தடிப்பு. ஒரு சொட்டு ஒழுகாதுதான்..."

ரெங்கசாமி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பதினைந்து வருஷம் நீராவியோடு மல்லுக்கட்டியவன்! எந்த மூடியைப் பார்த்தாலும் தடித்த அட்டையை வைத்து இறுக்கத்தான் அவன் கை போகும். எண்ணெய் பம்பு அப்படியா? உள்ளே சுற்றும் இரண்டு பல்சக்கரங்களையும் மூடி ஒட்டி உட்கார வேண்டும். தடித்த அட்டையால் சந்து விழுந்தால், தள்ளுகிற எண்ணெய் அந்தச் சந்து வழியாகவே திரும்பி ஓடிவிடும். அட்டையை எடுத்துவிட்டு மெல்லிய காகிதம் ஒன்றை வைத்தால் போதும், அரைமணி நேர வேலை.

சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் வண்டி மூணு மணிக்குக் கிளம்பிவிடும். கிராணி சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து லியனார்ட் புராணம் பாடுவார். அப்புறம் அந்தப் பச்சைக் கார் ஜென்மத்துக்கும் பத்து ரோட்டுப் பக்கம் திரும்பாது. இதை நினைத்த மாத்திரத்தில் அவர் நாக்கு புரண்டுவிட்டது.

"பம்புல ஒண்ணுமில்லப்பா. பேரிங்தான்... ஆமா, நீ ஊத்தினதுதான். ரயில் இஞ்சினுக்குச் சுரண்டுற மாதிரி சுரண்டிட்டே போல, தளர்ந்து கிடக்கு... வேற வழி? இஞ்சினை இறக்கிப் பிரிக்கணும்... மூணு மணிக்கா? மூணு நாளாகும்... கிராணிகிட்ட உள்ளதைச் சொல்லிடு. வேற வாடகை வண்டி பாத்துக்கட்டும்... அப்புறம் இந்த வண்டியை இங்க தள்ளி அனுப்பு. நான் பாத்துக்கறேன்."

அடேயப்பா, அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல எவ்வளவு சுகமாக இருந்தது!

"என்ன?... உடனே நம்பிட்டியா?... இல்ல இல்ல, நம்பு, நம்பு. நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்... தேங்க்ஸ் எல்லாம் எதுக்குப்பா... எந்தப் பேரிங்கை முதல்ல திறக்கறதா? அது... தட்டுற சத்தம் எங்க வருதோ அது... சத்தமே இல்லையா? உன் காதுக்குத் தெரியல, அவ்வளவுதான்... என்னது, இஞ்சின் சத்தத்தைப் போன்லயே கேக்கணுமா? ஜன்னல் ஓரமாத்தான் வண்டி நிக்குதா? சரி, நீட்டு. கேக்கறேன்."

பட்டறைப் பக்கம் திரும்பி, "சுத்தியலை நிறுத்துங்கடா!" என்று கத்தினார். போன் குழாயைக் காதோடு அழுத்திக்கொண்டார். அங்கே பச்சைக் கார் உயிர் பெற்றது.

தட்டல் இல்லை. இரைச்சல் இல்லை. எங்காவது ஒரு குறை அகப்படாதா என்று மூச்சைப் பிடித்துக் கேட்டார், அகப்படவில்லை. எட்டு வருஷத்தில் அவர் கையில் ஒரு நாளும் அது இப்படி ஓடியதில்லை. இவ்வளவு சுத்தமான வேலையைச் செய்யத் தனக்கு வராது என்று அவருக்குத் தெரிந்தது. பொறாமை பொங்கியது. கூடவே இன்னொன்றும் உறைத்தது: எட்டு பவுண்டில் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"நிறுத்து! டேய், நிறுத்துடா! பேரிங் வெந்துரும்! லியனார்ட்! அவ்வளவு அழகா ஊத்தினதைப் பாழாக்காதே, நிறுத்து!... நிறுத்திட்டியா?... அப்பாடா."

நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கேளு. ஒரு நட்டைத் தொடாதே. இஞ்சினைப் பிரிக்காதே... நான் சொன்னது பொய்... பொய்ப்பா, பொய்! உன் பேரிங் தங்கம்... ஏன் சொன்னேனா? வயித்தெரிச்சல்! வேற என்ன? எட்டு வருஷமா நான் பாத்த வண்டியை என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம உன்கிட்ட விட்டுட்டாரு. எனக்குப் பொறுக்கல. போதுமா?... ஹலோ... இருக்கியா?... திட்டு, திட்டு. நல்லாத் திட்டு, ஆனா அப்புறமாத் திட்டு. மணி ரெண்டாவுது."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார்.

"பம்பு மூடியைக் கழட்டு. அந்த ரயில்வே அட்டையைச் சுரண்டி எறி. பிரௌன் பேப்பர் இருக்கா?... அதுல ஒத்தையா வெட்டி, எண்ணெயில நனைச்சு வை... ஒழுகாதுப்பா, நான் சொல்றேன்ல... ஆமா, நான்தான் சொல்றேன், இந்தத் தடவை நம்பு. மூடுறதுக்கு முன்னாடி பம்புக்குள்ள எண்ணெயை ஊத்து, காஞ்சு கிடந்தா உறிஞ்சாது. போனை மாட்டாதே, அப்படியே ஜன்னல்ல வை. ஊசி எவ்வளவு நிக்குதுன்னு எனக்கு வந்து சொல்லு... சொல்லுவேல்ல?... ஹலோ?"

ஜன்னல் பலகையில் குழாயை வைக்கும் சத்தம் கேட்டது. பட்டறை முதலாளி தவுக்கே இரண்டு முறை வந்து முறைத்துவிட்டுப் போனார். ரெங்கசாமி அசையவில்லை. ஸ்பானர் உரசுவது கேட்டது, வண்டியை எடுக்க வந்த கிராணி "ஆச்சா, ஆச்சா?" என்று அவசரப்படுத்துவதும் கேட்டது. கடைசியில் இஞ்சின் பிடித்தது. லியனார்ட் எதையோ கூவினான். கிராணி வாய்விட்டுச் சிரித்தார்.

"எவ்வளவு?... லியனார்ட், எவ்வளவுப்பா? நாப்பது வந்துச்சா?... கிராணி சார்! சார், நான்தான் ரெங்கசாமி... ஹலோ!"

கார் கதவுகள் சாத்தப்பட்டன. ஹாரன் இரண்டு தரம் அடித்தது. இஞ்சின் சத்தம் தூரத்தில் தேய்ந்து போனது. லியனார்டும் வண்டியோடு போயிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் யாரும் வரவில்லை.

"ஹலோ... ஹலோ... யாரு? எக்ஸ்சேஞ்சா?... யெஸ், மிஸ்ஸி... இல்ல, அந்தப் பக்கம் ஆளில்ல... காத்திருக்கணுமா?... வேணாம் மிஸ்ஸி. அவங்க எனக்குச் சொல்லணும்னு ஒண்ணும் இல்ல... யெஸ், பினிஷ். லைனை வெட்டிடுங்க."