நடுக்கால்

பின்னால் சாயாதீர்கள் சார். அந்த நாற்காலியின் வலது பின்கால் ஆடுகிறது, மூட்டு விட்டுப்போயிருக்கிறது. மரவேலைக்காரன் கண்ணுக்கு முதலில் அதுதான் படும்.

ரெஜினைப் பற்றிக் கேட்டீர்கள். அவனுக்கு வாய், எனக்குக் கை. நீடாமங்கலத்தில் ஒரே தெரு, ஒரே பட்டறை. என் மகள் அருள்ஜோதியின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் அவன்தான். வேலை பிடிப்பது அவன்; வரைந்து, இழைத்து, பொருத்துவது நான். மாடிக் கைப்பிடி எதுவானாலும், முடிந்ததும் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, கையைக் கட்டி, கைப்பிடியைத் தாங்கும் கால்களில் நடுக்காலில் முதுகு கொடுத்து முழுப் பாரத்தோடு சாய்வான். "அசையுதா பாருங்க. நீங்களும் சாஞ்சு பாருங்க" என்பான். ஒரு வீட்டிலும் அதை விட்டதில்லை.

வலங்கைமான் பக்கம் அனுராதா அம்மா ஆற்றங்கரையில் விடுதி கட்டினார்கள். மாடியிலிருந்து ஆற்றுக்கு மேல் நீளும் மரத்தளம். அதற்குக் கைப்பிடி வேண்டும். எத்தனை வரைந்து கிழித்தேனோ. உட்கார்ந்தால் ஆறு மறையக்கூடாது, குழந்தை தலை நுழையக்கூடாது, மேல்கட்டையில் மழைநீர் தங்கக்கூடாது. கடைசியில் வந்ததைப் பார்த்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். அப்படி ஒரு அழகு.

"யார் யோசனைங்க இது?" என்று அந்த அம்மா கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"என் யோசனைதாங்க," என்றான் ரெஜின். "இவரு நம்ம கையாளு. சொன்னதைச் செஞ்சிருவாரு."

கையாள். ஒரே தட்டில் சோறு தின்றவன் வாயிலிருந்து. கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதை அன்றுதான் பார்த்தேன். ஆனால் நான் சண்டை போடுகிற ஆளில்லை, எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். வேலையைப் பார்த்தேன்.

ஒவ்வொரு காலையும் அடியிலிருக்கும் உத்தரத்தோடு பிடித்து நிறுத்துவது ஊடே போகும் நீள போல்ட்தான். நடுக்காலுக்கு மட்டும் போல்ட்டின் தலையை அறுத்து, உள்ளே போல்ட் இல்லாமல் அந்தத் தலையை மட்டும் வெளியே தெரிய ஒட்டிவைத்தேன். மேல்கட்டையின் இரண்டு துண்டுகள் சேரும் இணைப்பையும் அங்கேயே கொண்டுவந்தேன். மற்ற கால்களில் யானையைக் கட்டலாம். என் வேலையில் அரைகுறை கிடையாது.

மேட்டூரைத் திறந்து தண்ணீர் வந்திருந்தால் நனைந்த சட்டையோடு கரையேறியிருப்பான். இந்த வருஷம் தாமதம். கீழே கரைக்குக் கொட்டிய கருங்கல்தான் கிடந்தது. அதற்கு நான் என்ன செய்ய? தெரியாதா என்றால், தெரியும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இழைத்தேன்.

திறப்பு விழாவில் ரெஜின் என்னை முன்னால் இழுத்து, தோளில் கை போட்டான். "அன்னைக்குப் பெருமைக்கு என் யோசனைன்னு சொல்லிட்டேங்க. மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. எல்லாம் ஆசீர்வாதம் யோசனை. இவன் வேலைய நம்பி எம் புள்ளைங்களையே சாயச் சொல்லுவேன்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு சொன்னால் ஆயிற்றா சார்?

பிறகு கையைக் கட்டிக்கொண்டு நடுக்காலுக்குப் போனான்.

கூப்பிட நேரம் இருந்ததா என்கிறீர்கள். இருந்தது. அகலமான தளம். என்னைப் பார்த்துச் சிரித்தபடி, பின்பக்கமாகவே மெதுவாகத்தான் நடந்தான்.

நாற்காலி ஆடுவதை உங்களிடம் வந்ததும் சொன்னவன், அவனிடம் ஏன் சொல்லவில்லை என்றா? நீங்கள் எனக்குத் துரோகம் எதுவும் செய்யவில்லையே சார்.