மயிலையின் ரத்தத்தில் இல்லாத புள்ளி

எனக்குத் தேநீர் ஒத்துக்கொள்ளாது. எலப்புள்ளியில் வேலாத்தாள் அத்தை கறந்து காய்ச்சித் தரும் பால்தான் என் காலை ஆகாரம். அந்தப் பாலைக் கொடுத்த மாட்டைப் பற்றித்தான் விசாரணைக் குழுவினராகிய நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் அறிக்கையின் வரைவைப் படித்தேன். 'இயற்கையாகவே மாறிய கிருமி' என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடம் ஆய்வகத்தில் நான் மாடாய் உழைத்ததை இயற்கையின் பேரில் எழுத எப்படி மனசு வந்தது? அதனால்தான் இந்தக் கடிதம். வேறு உறுத்தல் எனக்கு இல்லை.

மாட்டின் ரத்தத்தில் நீந்தும் அந்த ஒற்றைச் செல் ஒட்டுண்ணிக்கு மைட்டோகாண்ட்ரியா ஒன்றே ஒன்றுதான். அதற்குள் இருக்கும் டி.என்.ஏ. ஆயிரக்கணக்கான வளையங்கள், ஒன்றில் ஒன்று கோத்த வளையல்கள் மாதிரி. அவற்றைச் சிதறாமல் வட்டாக அடுக்கிவைப்பதும், செல் பிரியும்போது இரண்டுக்கும் பங்கு கொடுப்பதும் சில புரதங்களின் வேலை. சாயமேற்றிப் பார்த்தால் அந்த வட்டு சின்னப் புள்ளியாகத் தெரியும். நான் ஒரு புரதத்தை நீக்கினேன். சில தலைமுறைகளில் புள்ளியே இல்லை. அது இல்லாமலும் பிழைக்கும்படி இன்னொரு புரதத்தில் சின்ன மாற்றம் செய்திருந்தேன். கால்நடை மருத்துவர் போடும் ஊசிமருந்து போய்த் தங்குவது அந்தப் புள்ளியில்தான். புள்ளி போனால் மருந்தும் பலிக்காது.

எலிகளில் நிரூபித்தாயிற்று. மாட்டில் செய்ய உங்களிடமே அனுமதி கேட்டேன், மறுத்தீர்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது நீங்கள்தான்.

அத்தையிடம் இருந்த மாடு மயிலை ஒன்றுதான், ஏழு மாதச் சினை. அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவர் அத்தை. அவருக்கு வேறு பிழைப்பும் கிடையாது. அதனால்தான் அங்கே செய்தேன். வேறு யார் தொழுவத்தில் நான் தினமும் போய் ரத்தம் எடுக்க முடியும்? சத்து ஊசி என்றேன். அத்தையே கொம்பைப் பிடித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் காய்ச்சல். டாக்டர் பினு வந்து, ரத்தம் பார்த்து, சரியான மருந்தைத்தான் போட்டார். "மூணு நாளில எணீச்சு நிக்கும் கேட்டோ, அம்மா" என்றார். நல்ல மனிதர். நான் குறித்துக்கொண்டேன்.

மயிலை எழுந்திருக்கவில்லை. கன்று செத்துப் பிறந்தது. அத்தை மயிலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சோறு தொடவில்லை.

"போன ஈத்துக்கு மாலகோயிலுக்கு உருவாரம் வெக்கறேன்னு நேந்துட்டு மறந்துபோட்டன் கண்ணு. எம்பட தப்புதான். வாயில்லாச் சீவன் அதுக்குச் சாகுது" என்றார்.

சினைமாடு நல்லபடியாக ஈன்றால் மண்ணில் செய்த மாட்டுப் பொம்மையைக் கோயிலில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் மறுத்துப் பேசவில்லை. ஒருவருடைய நம்பிக்கையைக் கெடுப்பது நாகரிகமல்ல. "அடுத்த மாட்டுக்கு மறக்காதீங்க அத்தை" என்று மட்டும் சொன்னேன். மயிலை நான்காம் நாள் போய்விட்டது.

பக்கத்துத் தோட்டத்து ஆறுச்சாமியின் மூன்று மாடுகளும் செத்தன. அது என் திட்டத்தில் இல்லை, ஈக்கள் கொண்டுபோனவை. ஆனாலும் மூன்றிலும் புள்ளி இல்லை, மூன்றுக்கும் மருந்து கேட்கவில்லை. ஒரு மாட்டில் கிடைத்த முடிவை யார் நம்புவார்கள்? அந்த வகையில் நல்லதுதான்.

பினு அனுப்பிய, ரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டை நீங்கள் பார்த்துத்தான் விசாரணை தொடங்கியது. நான் கல்நெஞ்சக்காரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அத்தை தொழுவத்து வெறுங்கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. கொல்லங்கோட்டிலிருந்து இரண்டு மாடு பிடித்துவந்து கட்டினேன். இரண்டும் ஐந்து மாதச் சினை, ஒரே வயது, ஏறக்குறைய ஒரே எடை. அலைந்து தேடினேன்.

அத்தை என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பெத்த புள்ளகூட இப்படிப் பண்ணாது கண்ணு" என்றார். இந்தத் தடவை உருவாரத்தை முன்கூட்டியே வைத்துவிட்டார். இடப்பக்கத்து மாட்டுக்கு ஈ அண்டாமல் நானே வலை கட்டியதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார்.

ஊசி போட்டது வலப்பக்கத்து மாட்டுக்கு மட்டும்தான். முடிவு வர இன்னும் மூன்று வாரம் ஆகும். அதுவரை அத்தையிடம் எதுவும் சொல்லவேண்டாம், அவர் மனசு தாங்காது.

கௌசிகா