ஸ்பிரிங் முனையில் ஒரு கோடு

– திரும்பவும் கேக்கிறேன் தம்பி. இந்த ஸ்பிரிங் உங்க பட்டறையில சுத்தினதா, இல்லையா?

– முதல்ல உக்காருங்க அண்ணி. வேர்த்து வழியுது உங்களுக்கு. யாருப்பா அங்க, அந்த கிரைண்டரை நிறுத்து! ம், இப்பச் சொல்லுங்க. விஷயம் என்னன்னா, ஸ்பிரிங்குக்கு என்ன மச்சமா இருக்கு, பாத்த உடனே இன்னார் வீட்டுப் புள்ளைன்னு சொல்றதுக்கு?

– இருக்கு. இந்தாங்க லென்ஸ். முனையைப் பாருங்க. நகத்தால கீறின மாதிரி ஒரு கோடு.

– எங்க? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல அண்ணி.

– போன வாரம் எங்க வீட்டுல உக்காந்து ஊசியில நூல் கோத்து, பொண்ணு சட்டைக்குப் பட்டன் தைச்சுக் குடுத்தீங்க. கண்ணாடிகூடப் போடல.

– ...சரி. கோடு இருக்கு.

– உங்க கிரைண்டர் கல்லுல ஒரு மூலை உடைஞ்சிருக்கு. மாத்துங்க மாத்துங்கன்னு ரெண்டு வருஷமா சொல்றேன். நீங்களும் ஆகட்டும் ஆகட்டும்னு தலையாட்டுறீங்க. அந்த உடைசல் போடுற கோடு இது.

– அப்படியே வச்சுப்போம். எங்க சரக்கு உங்க மேஜைக்கே வராதே? சொந்தக்காரங்க சரக்கைத் தொட மாட்டேன்னு நீங்களே கம்பெனிக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. எங்க பெட்டியைப் பாக்கிறது உங்ககூட இன்ஸ்பெக்டரா இருக்கிற கண்ணாடி சார்தானே? இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?

– அதைக் கேக்கத்தான் வந்தேன். உங்க பேர்ல வரல. மேற்கு ரோட்டு ஸ்பிரிங் கம்பெனி பேர்ல வந்துச்சு.

– ஓ. இப்ப ஆபீஸ்லேர்ந்தா வரீங்க?

– சோதனை மைதானத்துலேர்ந்து நேரா வரேன். ஆபீஸ் பக்கமே போகல.

– யாரும் போன்கூடப் பண்ணலையா?

– எதுக்குப் பண்ணணும்?

– சும்மாதான் கேட்டேன்.

– நீங்க சும்மா கேக்கிற ஆள் இல்ல தம்பி. காலையில என்ன நடந்துச்சுன்னு தெரியுமா? தெரியும்னு உங்க மூஞ்சியே சொல்லுது.

– காத்துவாக்குல ஏதோ விழுந்துச்சு. நீங்க சொல்லுங்க.

– விமானி சீட்டைச் சோதிச்சோம். ஆபத்துன்னா சீட்டோட ஆளை வெளிய தூக்கி எறியும், பாராசூட் விரியணும். சீட் வெளிய வந்துச்சு. பாராசூட் வரல. பாராசூட் பூட்டைத் தள்ளித் திறக்க வேண்டிய ஸ்பிரிங் சோர்ந்துபோய்க் கெடந்துச்சு.

– ஐயோ. ஆள்?

– ஆள் இல்ல, ஆள் எடைக்கு மணல் பொம்மை. அது தரையில விழுந்த சத்தம் இன்னும் காதை விட்டுப் போகல. பூட்டைப் பிரிச்சது நான்தான். உள்ள இருந்ததுதான் இப்ப உங்க கையில இருக்கு.

– கெட்டுப்போன ஸ்பிரிங்குக்கு ஊர்ல நான் ஒருத்தன்தானா கெடச்சேன்?

– மழைக் காலத்துல கண்ணாடி சார் உங்க பதினேழாம் லாட்டைத் திருப்பி அனுப்பினார். அறுநூறு ஸ்பிரிங். ஏன்?

– உலையில பதம் தப்பிடுச்சு. நான் ஒத்துக்கிட்டேனே! வாய் பேசாம வாங்கிட்டு வந்தேன்.

– பதம் தப்பின ஸ்பிரிங் என்ன பண்ணும்?

– முதல்ல நல்லாத்தான் எகிறும். ஒரு நாள் பூரா அமுக்கி வச்சா அப்படியே சோர்ந்துடும்.

– பூட்டுக்குள்ள இது நாலு மாசம் அமுங்கிக் கெடந்திருக்கு. அந்த அறுநூறும் எங்க?

– உருக்கியாச்சு. சத்தியமா உருக்கியாச்சு அண்ணி.

– சத்தியமெல்லாம் வேண்டாம். எழுத்துல இருக்கா?

– இதோ ஃபைல். இதோ ரசீது. உருக்குப் பட்டறை சீல், தேதி எல்லாம் பளிச்சுனு இருக்கு. போதுமா?

– தேதி பளிச்சுனுதான் இருக்கு. அந்த மாசம் பூரா அவங்க உலை வெடிச்சு ரிப்பேர்ல கெடந்துச்சு தம்பி. எங்க கம்பெனிக் கழிவையே நாங்க வேற இடத்துக்கு அனுப்பினோம். எரியாத உலையில எப்படி உருக்கினீங்க?

– ரசீதை இப்படிக் குடுங்க அண்ணி, ஃபைல்ல வைக்கணும்.

– அது இருக்கட்டும். நீங்களே மேற்கு ரோட்டுக்காரங்களுக்குக் குடுத்தீங்களா? அவங்க பெட்டியை மாத்தி, புதுச் சரக்குன்னு எங்களுக்கே அனுப்பினாங்களா?

– நானா? என்னையா கேக்கிறீங்க?

– வேற யாரைக் கேக்கிறது?

– நடிக்காதீங்க அண்ணி.

– என்ன சொன்னீங்க?

– நடிக்காதீங்கன்னேன். மேற்கு ரோட்டுப் பெட்டியைப் பாத்து, சரின்னு சீல் வச்சது யாரு? நீங்க. லென்ஸ் வச்சா இன்னைக்குக் கோடு தெரியுது, அன்னைக்குத் தெரியலையா? காலையில சோதனை ஊத்திக்கிச்சு. மத்தியானம் என் பட்டறையில நிக்கிறீங்க. என் தலையில கட்டிட்டுப் போகலாம்னு வந்திருக்கீங்க.

– சீல் நான் வச்சதுதான். அதை மறைக்கலையே! அதுக்கும் அறுநூறு உங்க பட்டறையை விட்டுப் போனதுக்கும் என்ன சம்பந்தம்?

– பெட்டியை இங்கேர்ந்து ஏத்திட்டுப் போன லாரி யாருதுன்னு உங்களுக்குத் தெரியாது? அப்படித்தானே?

– தெரியாது. யாருது?

– என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க.

– தெரியாது தம்பி.

– அண்ணன் லாரி.

– எந்த அண்ணன்?

– எனக்கு எத்தனை அண்ணன் இருக்காங்க அண்ணி? உங்க வீட்டுக்காரர்தான். 'உருக்குப் பட்டறைக்கு நானே கொண்டுபோய்க் குடுத்துடுறேன்டா, உனக்கு எதுக்கு அலைச்சல்'னார். ரசீதும் அவர்தான் கொண்டுவந்து குடுத்தார். போன மாசம் உருக்குப் பட்டறை முதலாளியை ஒரு கல்யாணத்துல பாத்தேன். உலை கெட்ட கதையை அவர் வாயாலேயே கேட்டேன். நேரா அண்ணன்கிட்டப் போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாக் கேட்டேன்.

– என்ன சொன்னார்?

– வேண்டாம் அண்ணி.

– சொல்லுங்க.

– 'பெட்டியை மாத்தி மேற்கு ரோட்டுக்காரங்களுக்கு வித்துட்டேன்டா. உங்க அண்ணிக்கு எல்லாம் தெரியும். அவதான் சீல் வச்சு அனுப்பினா. நீ வாயை மூடிட்டு இருந்தா அவ வேலை தப்பிக்கும்'னார்.

– எனக்குத் தெரியும்னா சொன்னார்?

– ஆமா அண்ணி. தண்ணி குடிங்க.

– அந்தப் பெட்டி வந்த அன்னைக்கு அஞ்சு ஸ்பிரிங் எடுத்து அமுக்கி வச்சேன். ஒரு நாள் பூரா வைக்கணும். ஒரு மணி நேரம்கூட ஆகல, இவர் கேட்ல வந்து நின்னார். பொண்ணுக்கு நெருப்பாக் கொதிக்குது, உடனே கிளம்புன்னார். அளந்து பாத்தேன், அளவு சரியா இருந்துச்சு, லென்ஸைக்கூட எடுக்கல. சீலை வச்சுட்டு ஓடினேன். போய்ப் பாத்தா அவ மாடிப்படியில கயிறு தாண்டிட்டு இருக்கா. மாத்திரை குடுத்தேன், இறங்கிடுச்சுன்னார். நானும் நல்லவேளைன்னு சாமிக்குக் கும்பிடு போட்டேன்.

– அப்போ உங்களுக்கு நிஜமாவே...

– ஏன் ஒரு வார்த்தை என்கிட்டக் கேக்கல தம்பி? வாரா வாரம் வந்து என் கையால சாப்பிட்டுட்டுத்தானே போனீங்க?

– பயம் அண்ணி. நீங்களும் கூட்டுன்னு நினைச்சுட்டேன். சோத்தைப் பிசையறப்ப உங்க மூஞ்சியைப் பாப்பேன். எவ்வளவு சாதாரணமா இருக்காங்க பாருன்னு நினைப்பேன்.

– சாதாரணமாத்தான் இருந்தேன். வேற எப்படி இருப்பேன்? சரி, விடுங்க. அந்த போனை இப்படித் தள்ளுங்க.

– யாருக்கு?

– தலைமை இன்ஸ்பெக்டருக்கு. நான் சீல் வச்சதும் அந்த அறுநூறும் சீட் பொருத்துற மூணு கம்பெனிக்குப் பிரிஞ்சு போயிருக்கு. எது எந்த சீட்ல இருக்குன்னு தேடி எடுக்கவே ரெண்டு நாள் ஆகும். நாளைக்குக் காலையில ஒன்பது விமானம் பறக்குது. ஒன்பதுலயும் மணல் பொம்மையா உக்காந்திருக்கு?

– கொஞ்சம் பொறுங்க அண்ணி. நான் முதல்ல பேசுறேன் அவர்கிட்ட.

– அண்ணனைக் காப்பாத்தப் பாக்கிறீங்க.

– அது இல்ல. கேளுங்க, ஒரு நிமிஷம் கேளுங்க. விஷயம் என்னன்னா...

– கையை எடுங்க தம்பி. ஹலோ... சார், நான்தான். மேற்கு ரோட்டு ஸ்பிரிங் பொருத்தின எந்த சீட்டும் நாளைக்குப் பறக்கக் கூடாது. ஆமா சார், எனக்கு உறுதியாத் தெரியும். அது கண்ணாடி சார் திருப்பி அனுப்பின பதினேழாம் லாட். பெட்டியை மாத்தினது என் வீட்டுக்காரர். ஆமா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். சோதனையைப் பாதியில விட்டு சீல் வச்சது நான். அதையும் எழுதிக்கங்க... என்ன சார்? லெட்டரா? காலையிலயே வந்துடுச்சா? யார்... சரி சார். சரி. வீட்டுக்குப் போகல, இங்கயே இருக்கேன். விசாரிக்கிறவங்களை இங்கயே வரச் சொல்லுங்க.

– அண்ணி...

– எனக்கு முன்னாடியே யாரோ எழுதிக் குடுத்திருக்காங்களாம். அதுல ஒரே ஒரு பேர்தான் இருக்காம். யார் பேருன்னு அவர் சொல்ல மாட்டேங்கிறார்.

– நான்தான் எழுதினேன், சோதனை ஊத்திக்கிச்சுன்னு காதுல விழுந்ததும். அண்ணன் கூடப் பொறந்தவர் அண்ணி, அவர் பேரை எழுதக் கை வரல. உங்க பேரை மட்டும் எழுதினேன்.