நடுவில் சேர்த்த படங்கள்

டிவி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் எத்தனை அங்குலம் என்றுதான் கேட்கிறார்கள். படம் எப்படி ஓடும் என்று யாரும் கேட்பதில்லை. வீடு வீடாகப் போய் டிவி மாட்டிக் கொடுப்பவன் என்பதால் சொல்கிறேன், மேடம். நீங்கள் கேட்ட விஷயமே இதில்தான் தொடங்குகிறது.

சினிமாவில் ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு படங்கள். எங்கள் வீட்டு டிவி விநாடிக்கு நூற்றிருபது முறை திரையைப் புதுப்பிக்கும். அதில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ என்று ஒரு வசதி. அதைப் போட்டால், இரண்டு படங்களுக்கு நடுவில் என்ன இருந்திருக்கும் என்று டிவியே ஊகித்துப் புதுப் படங்களைச் செருகிவிடும். பந்து விளையாட்டுக்கு நல்லது. சினிமாவைப் போட்டால் வழவழவென்று ஓடி சீரியல் மாதிரி ஆகிவிடும். புது டிவியில் பெரும்பாலும் அது போட்டபடியேதான் வரும்.

மாட்டிய அன்றே என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள், கூர்மையான கண்.

“என்னங்க, படம் நாடகம் பாக்குற மாதிரி இருக்கு?”

அவள் சமையலறைக்குப் போன நேரத்தில், என் போனில் இருந்த ஆப் வழியாக அதை அணைத்தேன். திரும்பி வந்தவள், “இப்ப சரியாயிடுச்சே, ஏதாவது பண்ணீங்களா?” என்றாள்.

“நான் எதையும் தொடலையே.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. தன் கண்களைக் கசக்கிக்கொண்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

என் பக்கத்தையும் பாருங்கள். வேலை முடிந்து வரும்போது அவள் முகம் சிரித்தபடியே இருக்கும். உயிருக்குப் போராடுகிறவர்களை ஏற்றிப் போகிறவளுக்கு அப்படி என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? கூட வருகிற நர்ஸ் பையன் நல்லவன் என்பாள். நல்லவன் என்று எதற்கு என்னிடம் சொல்ல வேண்டும்? நான் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. சண்டை போடுகிற ஆள் இல்லை நான்.

அதனால் அந்த ஸ்மூத்திங்கைப் போட்டேன், அணைத்தேன். ஒரே படத்தில் பாதி வரை ஒரு மாதிரி, மீதி வேறு மாதிரி. கையில் போன் வைத்திருப்பவனை யார் கவனிக்கிறார்கள்? அவள் கேட்கும்போதெல்லாம் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்பேன்.

கண் டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். கண் நன்றாக இருக்கிறது என்றார். வெளியே வந்து, “கண்ணு நல்லா இருக்குன்னா, அப்ப...” என்று மட்டும் சொன்னேன். மீதியை அவளே யோசித்துக்கொண்டாள். தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள்.

“பின்னாடி ஒரு உயிர வச்சுக்கிட்டு ஓட்டுறேன். என் கண்ண நானே நம்பலன்னா எப்படிங்க?” என்று அழுதாள். வண்டிச் சாவியை அவளாகவேதான் ஒப்படைத்தாள், நான் வற்புறுத்தவில்லை. பிறகு கடைக்குப் போனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தெருவைக் கடப்பாள். உண்மையைச் சொன்னால், எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நிம்மதியான காலம் அதுதான்.

அவளைப் பார்த்துக்கொள்ள வந்த அவள் தங்கை உள்ளே தூங்குகிறாள் என்று நினைத்து, ஒருநாள் போனில் அதை மாற்றிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்.

“மாமா, அந்தப் போனக் குடுங்க.”

வாங்கி, அக்காவுக்கு முன்னாலேயே போட்டும் அணைத்தும் காட்டினாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். என் மனைவி என்னைத் திட்டவில்லை. டிவியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இப்ப ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கா?” என்று கேட்டாள்.

“ஆஃப்ல இருக்கு,” என்றேன். சத்தியமாக ஆஃபில்தான் இருந்தது.

அவள் திரும்பித் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். தங்கை தலையாட்டிய பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

நான் செய்தது அத்தனையையும் ஒப்புக்கொள்கிறேன், மேடம். வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கட்டினவன் உண்மையைச் சொல்லும்போதே இப்படிச் சந்தேகப்படுகிறவளோடு ஒரு மனிதன் எப்படிக் குடும்பம் நடத்துவது, நீங்களே சொல்லுங்கள்.