இரண்டாவது குரங்கு

"ஹலோ... ஆமா, ருக்குதான் பேசறேன்... யாரு? மகாதேவனா... ம். சொல்லு... அக்கா ஆத்துலதான் இருக்கேன், சரோஜினி நகர்ல. இது அத்திம்பேர் போன். ஆபீஸ்லேர்ந்து யாராவது கூப்பிடுவா, ஜல்தி சொல்லி முடி.

...ஆமா, ஆமா, வந்தது. உன் ரெண்டாவது கம்ப்யூட்டர் ஆட்டத்தோட கேசட் போன வாரமே வந்துடுத்து... விளையாடினேன்... ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும். நாலு நாள் ஆச்சு... விமர்சனமும் எழுதியாச்சு, ரெண்டு பக்கம். நாளைக்குக் காலைல பத்திரிகைக்குக் குடுத்துடுவேன்... இப்பவே சொல்லணுமா? அச்சில வரும்போது படிச்சுக்கயேன்... சரி, நீயா கேக்கறே. அப்பறம் என்னைச் சொல்லாதே.

முதல் ஆட்டம், அந்த 'பந்தர்'ல என்ன இருந்தது? ஒரு குரங்கு. செக்ரடேரியட் ஜன்னல் வழியா உள்ள வந்து ஃபைலைத் தூக்கிண்டு ஓடும். கம்போட ஒரு பியூன் துரத்துவான். குரங்கு பீரோ மேல ஏறி அசையாம உக்காந்தா, பியூனுக்குக் கண்ணு சொருகிடும். மாட்டிண்டா தலையைச் சொறிஞ்சுண்டு நம்மளையே பாக்கும். அவ்வளவுதானே... அதுக்குத்தானே இந்தக் காலனியில ஒரு டிவி முன்னாடி பதினஞ்சு பேர் உக்காந்திருந்தா.

இதுல என்ன பண்ணிருக்கே? குரங்கு கையில துப்பாக்கி. எதுக்கு? யாரைச் சுடறது? ...கலர் நன்னாருக்கு, யார் இல்லேன்னா. ஹெலிகாப்டர் இருக்கு, அதுவும் சரி. பியூன் எங்கடா? ...மூணு சிப்பாய் போட்டா பியூன் ஆயிடுமா? அவா தூங்கவே மாட்டேங்கறா. குரங்கு செத்தா முதல் மாடியிலேர்ந்து மறுபடி ஏறணும். நம்ம பக்கம் ஒரு தடவை கூடத் திரும்பிப் பாக்கல... ஜலஜா, அக்கா பொண்ணு. பத்து நிமிஷம் விளையாடினா. 'சித்தி, பழசைப் போடேன்'னா. அதையும் எழுதிருக்கேன்.

கடைசி வரியா? ...படிக்கறேன், கேளு. 'முதல் ஆட்டம் எல்லாருக்கும் ஏன் பிடித்தது என்று இதைச் செய்தவருக்கு இன்னும் தெரியவில்லை.'

...என்னது? நான் இப்படிச் சொல்றேன், நீ தேங்க் யூ, தேங்க் யூங்கறே? எதுக்கு இந்தச் சிரிப்பு? ...பக்கத்துல யாரு இருமறா? ...கன்னாவா? நீ நேரு பிளேஸ் கடையிலேர்ந்தா பேசறே? ...ஓ. முதலாளிக்குத் தமிழ் தெரியாது. நான் புகழறேன்னு அவரை நினைக்க வைக்கறே. நன்னாருக்கு.

...கடைகள்லேர்ந்து திரும்பி வருதா? எத்தனை கேசட்? ...பெட்டி பெட்டியாவா... அதனால? ...ஆட்டம் நன்னாருக்கு, அச்சான்னு நான் கன்னாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், அதானே... சொல்லலேன்னா வேலை போயிடுமா... உன் ஆத்துக்காரி குஞ்சம்மாளுக்கு இப்ப எத்தனை மாசம்? ...ஆறா... முனிர்கா ரூமுக்கு இன்னும் தண்ணி வரலையா... சரி. சரிடா, குரலை நடுங்க விடாதே, அவர் பாத்துண்டிருப்பார்.

...இல்ல, அந்தப் பழசையெல்லாம் நான் மறந்தாச்சு. முதல் கேசட் அட்டையில என் பேர் இல்லேன்னு அன்னிக்கு அழுதேன், நிஜம்தான். பொம்பளை பேர் போட்டா விக்காதுன்னு கன்னா சொன்னா நீ என்ன பண்ணுவே... உன்மேல கோபம் இல்லேன்னுதானே சொல்றேன். குடு. போனை அவர்கிட்டக் குடு. அச்சான்னு சொல்லிடறேன்."

ருக்கு தொண்டையைச் சரிசெய்துகொண்டு இந்திக்கு மாறினாள்.

"வணக்கம், கன்னா சாகேப். நான் ருக்மணி பேசுகிறேன்... ஆமாம், பத்திரிகையில் எழுதுபவள்தான்... இரண்டாவது ஆட்டமா? நன்றாக வந்திருக்கிறது. படங்கள் எல்லாம்... என்ன சொன்னீர்கள்? ...டைப்பிஸ்டா?

...மகாதேவன் அப்படிச் சொன்னாரா? முதல் ஆட்டத்தை அவர் எழுதினார், நான் டைப் அடித்துக் கொடுத்தேன் என்றா... இல்லை, இல்லை, கோபம் ஒன்றும் இல்லை. நான் ஒன்று கேட்கலாமா? அட்டையில் பெண்ணின் பெயரைப் போட வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்களா? ...என் பெயரையே இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறீர்களா... அச்சா."

அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். உள்ளே குக்கர் கூவியது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக நிதானமாகப் பேசினாள்.

"கன்னா சாகேப், மகாதேவன் உங்கள் எதிரில்தானே நிற்கிறார்? அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். முதல் ஆட்டத்தில் பியூன் ஏன் தூங்குகிறான்? ...கேளுங்கள், நான் காத்திருக்கிறேன்...

என்ன சொல்கிறார்? ...வேடிக்கைக்காகவா? இல்லை. கம்ப்யூட்டரின் மெமரியில் இடம் போதவில்லை. குரங்கு பீரோ மேல் ஏறியபிறகும் அவனை ஓட வைக்க என்னால் முடியவில்லை. அதனால் தூங்க வைத்தேன். எத்தனை எண்ணியதும் தூங்குவான் என்று கேளுங்கள்... தெரியவில்லையா? பதினொன்று. குரங்கை எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் நான் வரைந்த நோட்டு இங்கே அலமாரியில் இருக்கிறது, வேண்டுமானால் ஆள் அனுப்புங்கள்... அவர் செய்ததா? கேசட்டில் ஏற்றும் வேலையும் சத்தமும் அவருடையது. மற்றது என்னுடையது. இந்த இரண்டாவது முழுக்க அவருடையது. அதனால்தான் பெட்டி பெட்டியாகத் திரும்பி வருகிறது.

...மூன்றாவதா? செய்யலாம். ஆனால் என் பெயர் அட்டையில் வர வேண்டும்... பெரிய எழுத்திலா, நல்லது. திங்கட்கிழமை வருகிறேன்... அவரா? ...நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். எனக்கு அவர் தேவையில்லை... கேசட்டைப் பிரதி எடுக்க யார் வேண்டுமானாலும் போதுமே... தெரியும், வீட்டில் மனைவிக்கு ஆறு மாதம். இப்போதுதான் அவரே சொன்னார்... இல்லை. தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்... சரி, அவரிடம் கொடுங்கள்."

எதிர்முனையில் ரிசீவர் கைமாறியது. நேரு பிளேஸ் தெருவின் ஹார்ன் சத்தம் கேட்டது.

"ம்... சொல்லு... ஆமா, சொன்னேன்... அச்சான்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ என்னை டைப்பிஸ்டாக்கிருக்கேன்னு அவர்தான் சொன்னார்... கத்தாதே. முதலாளி முன்னாடி கத்தினா இன்னும் கேவலம்... ரெண்டு வருஷமா நான் கன்னாவைத் திட்டிண்டிருந்தேன், பாவம், அந்த மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியாது... குஞ்சம்மாள்ட்ட நான் என்னத்தைச் சொல்றது, நீயே போய்ச் சொல்லு. என் கையால ரெண்டு தடவை சாப்பிட்டிருக்கா, நல்ல பொண்ணு. டைப்பிஸ்ட்டுன்னு அவகிட்டயும் சொல்லிருக்கயா? ...சொல்லிருக்கே. அதான் அன்னிக்கு, டைப்பிங் கத்துக் குடுங்கோன்னு கேட்டா.

...வெச்சுடறேன், மகாதேவா... இன்னும் என்ன?

...ரெண்டாவதுலயா? நன்னா இருக்கற மாதிரி ஒண்ணாவதான்னு கேக்கறயா..."

குரங்கு கீழே விழும்போது இரண்டாவது ஆட்டத்தில் ஒரு சின்ன மெட்டு வரும், நான்கே ஸ்வரங்கள். பாத்திரம் கழுவும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நான்கு நாளாக ருக்கு அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். விமர்சனத்தில் அதைப் பாராட்டி ஒரு வரி எழுதி, அதை நீக்காமல் வைத்திருந்தாள்.

"...இல்ல... யோசிச்சுத்தான் சொல்றேன்... ஒண்ணுகூட இல்ல... ஹலோ? ...ஹலோ..."