பெயரிடக் கூடாத வெள்ளைப் பூ

மேடையில் அமர்ந்திருக்கும் ஆலயத் தலைவர் திரு. ராதாகிருஷ்ணன் அவர்களே, மறைந்த அம்மையாரின் மகள் ஷாமினி உள்ளிட்ட குடும்பத்தாரே, கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் வேலை முடிந்த கையோடு வந்து பண்டமாரானில் உள்ள இந்த ஆலய மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நம் மகளிர் பிரிவுத் தலைவி உஷாராணி அம்மையாரை இழந்து கூடியிருக்கிறோம். ஆலயத்தின் சட்ட ஆலோசகன் என்ற முறையில் நான் அளந்து பேசும் பழக்கமுள்ளவன். ஆகவே நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்கிறேன். இடையில் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அம்மையார் அதற்கு ஆட்சேபம் தெரிவித்திருக்க மாட்டார்.

துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் அவர் நெடுங்காலம் பணியாற்றினார். கொள்கலனுக்குள் இருப்பது இன்னதென்று அறிவிக்காமல் எந்தச் சரக்கும் அங்கே நகராது. அந்த ஒழுங்கை அவர் ஆலயத்துக்கும் கொண்டுவந்தார். அன்னதானத்துக்கு யாராவது ஒரு மூட்டையை இறக்கினால், "உள்ள என்னன்னு சொல்லாம ஸ்டோருக்குள்ள போகாது" என்பார். அவரிடம் வாதாடி வென்றவர் யார்? நான் வென்றதில்லை.

இம்மண்டபத்தின் பின்னால், கால்வாயை ஒட்டி ஒரு துண்டு நிலம் இருக்கிறது. மகளிர் பிரிவினர் மாலை கட்டும் இடம். அங்கே ஒரு வெள்ளைப் பூ தானாக முளைத்தது. தும்பை என்றே நாம் அனைவரும் நம்பினோம். சிவனுக்கு உகந்த பூ, கடையில் கிடைக்காத பூ, நம் கொல்லையிலேயே பூத்திருக்கிறதே என்று மகிழ்ந்தோம். சிவராத்திரிக்கு மாலை கட்டிச் சாத்தினோம். அன்றிரவு வாகனங்கள் நிறுத்த இடமில்லாமல் தெருவே அடைத்துக்கொண்டது. அடுத்த செயற்குழுவில், அந்த நிலத்துக்குத் தார் போட்டுவிடலாம் என்றார் தலைவர். அம்மையார் எழுந்தார்.

"தலைவரே, அது தும்பை இல்ல."

"அப்ப களை லா, அக்கா. வெட்டிட்டு தார் போட்ருவோம்."

"தும்பை கணுவைச் சுத்திப் பூக்கும். இது தனிக் காம்பு நுனியில உருண்டையா பூக்குது. சாமிக்கு என்ன சாத்தினோம்னே தெரியாம அதுமேல தார் ஊத்துறதா?"

அம்மலரின் தமிழ்ப் பெயர் உறுதியாகும் வரை அங்கே தார் இடுவதில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. சாத்தும் மலரைத் தமிழில் பலகையில் எழுதுவது நம் ஆலய வழக்கம் என்பதால், 'தமிழ்ப் பெயர்' என்று எழுதினேன். வேறு உள்நோக்கம் எனக்கு இருக்கவில்லை.

பிறகு அம்மையார் தேடினார். செடியை நாளிதழுக்குள் அழுத்தி எடுத்துக்கொண்டு பந்திங் பாசாரில் கீரை விற்பவர்கள் வரை போய் விசாரித்தார். ஒரு ஆன்டி துளசி என்றாராம். இன்னொருவர், "சமைச்சுப் பாருங்க, தெரிஞ்சிரும்" என்றாராம். கடைசியில் தாவரவியல் படித்த ஒருவரிடம் ஷாமினி அழைத்துச் சென்றார். அன்று மாலை அம்மையார் எனக்குத் தொலைபேசியில் பேசினார்.

"லாயர் அண்ணே, பேரு கெடச்சிருச்சு. சொன்னா எங்க எடம் போயிரும்."

நான் எச்சரிக்கையாகவே பதில் சொன்னேன்: "தாமாக முன்வந்து சொல்ல வேண்டும் என்று தீர்மானத்தில் இல்லை."

"தீர்மானம் கெடக்கட்டும் அண்ணே. சரக்கு என்னன்னு தெரிஞ்சும் மறைச்சா, எங்க வேலையில அதுக்குக் கடத்தல்னு பேரு."

சொன்னபடியே செயற்குழுவில் எழுந்து அறிவித்தார். அதன் தாவரவியல் பெயர் ஹிப்டிஸ் கேபிடாட்டா. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை. பந்திங் சாலையோரம் முழுக்க இருக்கிறது. தும்பை என்று மாலை கட்டியது நம் தவறு. தான் காக்க விரும்பிய நிலத்தைத் தன் வாயாலேயே விட்டுக்கொடுத்தார்.

"சிவன் ஒண்ணும் கோவிச்சுக்கல," என்றார் தலைவர். "தார் லோரியை வரச் சொல்லிடுவோம்."

என் கடமைப்படி, 'தமிழ்ப் பெயர் உறுதியாகும் வரை' என்ற தீர்மானத்தை உரக்க வாசித்தேன். ஹிப்டிஸ் கேபிடாட்டாவுக்குத் தமிழில் என்ன பெயர்? ஒருவருக்கும் தெரியவில்லை. முதலில் சிரித்தவர் தலைவர்தான். அதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். லோரி வரவில்லை.

அன்பர்களே, எனக்கு முன் பேசிய தலைவர், அந்தப் பூவுக்கு இனி 'உஷாராணிப் பூ' என்று பெயர் சூட்டுவோம் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அவர் உள்ளத்தை வணங்குகிறேன். ஆனால் சட்ட ஆலோசகன் என்ற முறையில் இதை ஆட்சேபிக்கிறேன். அந்தப் பெயர் சூட்டிய நொடியில் அம்மலருக்குத் தமிழ்ப் பெயர் உறுதியாகிவிடும், தீர்மானம் காலாவதியாகிவிடும். இன்றைய தலைவர் தார் ஊற்ற மாட்டார். நாளை வருபவருக்கு நான் உத்தரவாதம் தர இயலாது.

ஆகவே அந்தக் கைதட்டலைத் தயவுகூர்ந்து திரும்பப் பெறுங்கள். வேறோர் உறுதியை ஏற்போம். அந்த இடத்தைப் பேணுவோம். மகளிர் அங்கேயே மாலை கட்டட்டும். எந்தப் பூவையும் இன்னதென்று அறிந்தே சாமிக்குச் சாத்துவோம். இந்தப் பூவுக்கு மட்டும் பெயர் வைக்க மாட்டோம். அது என்ன பூ என்று யாராவது கேட்டால், "தமிழில் பெயர் இல்லை" என்று சொல்வோம். அப்படிச் சொல்லும்போது நாம் யாரை நினைக்கிறோம் என்பதை எந்தத் தீர்மானத்திலும் எழுத வேண்டியதில்லை.