முதல் நாள் எதுவென்று சொல்லித்தந்த ரத்னபாய் அம்மையாருக்கு

பாறசாலைப் பிரசவ ஆஸ்பத்திரியின் தலைமைத் தாதி ரத்னபாய் அம்மையார் பணி ஓய்வு பெறும் 1956 செப்டம்பர் முப்பதாம் நாள், உடன் பணிபுரிந்தோர் உவந்தளிக்கும் மடல்

அன்பின் உறைவிடமே, அயராத கரமே, வலி கண்ட வீட்டுக்கு மழையென்றும் மறியலென்றும் பாராமல் நடந்தே சென்ற மாதரசியே!

முப்பத்தோர் ஆண்டுகளில் பூவார் முதல் உதியன்குளங்கரை வரை தங்கள் கையில் விழுந்து முதல் அழுகை அழுதவர்களே இன்று இந்தப் பந்தலை நிறைத்திருக்கிறார்கள். கடமை, கண்டிப்பு, கனிவு என்று வரிசையாகப் பாடத் தொடங்கினால் தாங்கள் பாதியில் எழுந்து வார்டுக்குப் போய்விடுவீர்கள். ஆகவே ஒன்றே ஒன்றைச் சொல்கிறோம். அது நம் கம்பவுண்டர் சதாசிவன் வீட்டுக் காரியம்; அவரும் மனைவி குமாரியும் சம்மதித்த பிறகே எழுதுகிறோம்.

மணமாகி எட்டு ஆண்டுகளாகியும் சதாசிவனுக்குப் பிள்ளையில்லாதிருந்தது. 1954 ஆவணிக்குள் ஒன்றும் தெரியாவிட்டால் குமாரியைப் பூவாரிலுள்ள தாய் வீட்டுக்கே அனுப்பிவிடுவதென்று அவருடைய அண்ணன் முடிவு கட்டிவிட்டார். ஊருக்கெல்லாம் மருந்து கலக்கிய மனிதர் தன் வீட்டில் தலைகுனிந்து சோறு தின்றார். கரு தங்கும் நாட்கள் மாதத்தின் நடுவில் வரும், பதினான்காம் நாளை ஒட்டியும் அதற்கு முந்திய சில நாட்களிலும் கணவன் மனைவி சேர்ந்திருக்க வேண்டும் என்று தாங்கள்தான் சொன்னீர்கள். குமாரி சுவரில் கரிக்கோடு கிழித்து எண்ணினாள். ஓராண்டு எண்ணியும் பலனில்லை.

ஆடி பிறந்ததும் அவளை மருந்தறைக்கு அழைத்துக் கேட்டீர்கள்.

"எந்த நாளுல இருந்து எண்ணுனே, மக்கா?"

"தலை குளிச்ச நாளுல இருந்தாக்கும்."

நம் வீடுகளில் விலக்கு முடிந்து குளித்த பிறகுதான் பெண்ணுக்கு நாள் தொடங்குகிறது. ஒதுங்கியிருந்த நாட்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இரத்தம் கண்ட அன்றே முதல் நாள் என்பது அவளுக்குத் தெரியாது. மாதாமாதம் ஐந்து நாள் பிந்திப் போயிருந்தார்கள். வேறொருவரென்றால் அவளை ஏசியிருப்பார்.

"எனக்க தப்பாக்கும். முதல் நாளு எதுன்னு நான் சொல்லித் தரல்ல" என்றீர்கள்.

சரியாக எண்ணினால், வரும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை. ஆனால் அது எல்லைப் போராட்டம் கொதித்த ஆண்டு. இவ்வூர்கள் தமிழகத்தோடு சேர வேண்டுமென்று தினமும் மறியல், தினமும் கைது. சதாசிவன் மறியலில் நின்று கைதாக வேண்டிய முறையோ அந்தப் புதன்கிழமை. மூன்று மாதம் சிறையில் கிடந்தால் ஆவணி கடந்துவிடும். முறையை மாற்றிக் கேட்க அவருக்கு மானம் இடம் தரவில்லை. தாங்கள் நடந்து போய், தொண்டர் பட்டியல் வைத்திருந்த ஜவுளிக்கடை ஜெயசிங்கின் முன் நின்றீர்கள்.

"சதாசிவனுக்க முறைய அடுத்த வாரம் போடணும்."

"காரணம் என்னவாக்கும், நர்சம்மா?"

"அத நான் சொல்ல மாட்டேன்."

"பேடிச்சு ஒளிஞ்சான்னு ஆளுவ சொல்லுவாவ."

"சொல்லட்டு. நீரு பேர மாத்தி எழுதும்."

சொல்லத்தான் செய்தார்கள். அடுத்த வாரம் சதாசிவன் முன்வரிசையில் நின்று கைதான பின்பும் அந்தப் பேச்சு ஓயவில்லை. காவலர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று தெரிந்து, சிறைக்குத் தாங்கள் ஒரே வரியில் ஒரு கார்டு போட்டீர்கள்: "குமாரிக்கு இந்த மாதம் முதல் நாள் வரவில்லை." சதாசிவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அவருடைய அண்ணனிடம் தாங்களே நேரில் போய்ச் சொன்னீர்கள்.

தாங்கள் காத்த இரகசியத்தை இரண்டு ஆண்டுகளாகச் சதாசிவனும் காத்தார், பேடி என்ற பெயரோடு. "இனி மறைக்கண்டாம். நாளு தெரியாம எத்தன வீட்டுல கெடந்து அழுதாவ. மடல்லயே எழுதுங்க" என்று சொன்னவள் குமாரிதான். கேட்ட எல்லை நமக்குக் கிடைக்கவில்லை. கேட்ட பிள்ளை கிடைத்தது. இதோ முன்வரிசையில் தங்கள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது.

தாயே, நாளை தங்கள் ஓய்வின் முதல் நாள். அதிலிருந்து எண்ணி நூறாண்டு நலமாக வாழ்க.

நன்றி மறவா,
ஆஸ்பத்திரிப் பணியாளர்கள்

பின்குறிப்பு: இம்மடலை நேற்று ஜெயசிங்கிடம் காட்டினோம். இருமுறை படித்தார். "நான் உங்க ஆஸ்பத்திரிக்காரன் இல்ல. ஆனா எனக்க ஒப்பும் இதுல வேணும், சதாசிவனுக்க பேருக்குப் பக்கத்துல" என்றார். கையெழுத்திட்டிருக்கிறார்.